குதிகால் உடைந்தால் முதல் கவலை தோல்தான்

சாரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ தவறி, காலூன்றி விழுபவரின் மொத்த எடையும் குதிகாலில் இறங்கும். அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் தாலஸ் எலும்பு ஆப்பு மாதிரி கீழிறங்கி, குதிகால் எலும்பைப் பிளந்துவிடும். பார்க்கத்தான் கட்டை எலும்பு. மேலோடு மெல்லிசு, உள்ளே ரஸ்க் போலப் பொறுபொறுவென்று இருக்கும். அதனால் நொறுங்கி அமுங்கிவிடும். (விழுந்தவரின் முதுகெலும்பையும் டாக்டர் பார்த்துவிடுவார். அதே அடி அங்கேயும் போயிருக்கலாம்.)

எவ்வளவு அமுங்கியது என்பதை எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் மேல்விளிம்பை வைத்து அளக்கும் போலர் கோணம் சொல்லும். வழக்கமாக 20 முதல் 40 டிகிரி. மோசமான முறிவில் பூஜ்யத்துக்கும் கீழே போகும்.

பழைய முறையில் பாதத்தின் வெளிப்பக்கம் 'எல்' வடிவில் நீளமாகக் கீறி, தோலை மடல்போலத் தூக்கிப் பிளேட் வைப்பார்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், வசதிதான். ஆனால் அந்த இடத்தில் தோலுக்கடியில் சதையே கிடையாது, ரத்தமும் குறைவு. 'எல்'லின் மூலையில் தோல் கறுத்து, புண் ஆறாமல் சீழ் வைக்கும். சர்க்கரை, சிகரெட் இரண்டில் ஒன்று இருந்தாலே ஆபத்து கூடும். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை கத்தியை எடுக்கவே மாட்டார்கள். அதற்கே ஒன்றிரண்டு வாரம் ஓடிவிடும்.

சரி, தோலைக் கிளப்பாமல் எலும்பை எப்படி நிமிர்த்துவது? வெளிக் கணுக்கால் முட்டிக்குச் சற்றுக் கீழே 3, 4 சென்டிமீட்டர் கீறினால் போதும், அமுங்கிய மூட்டுப் பரப்பு நேரே தெரியும். குதிகாலில் தடித்த கம்பி ஒன்றைச் செருகி, கைப்பிடி மாதிரி பிடித்துக் கீழே இழுப்பார்கள். குட்டையான எலும்பு நீளும், சாய்ந்தது நிமிரும். அப்புறம் அமுங்கிய துண்டை அடியிலிருந்து நெம்பித் தூக்குவார்கள். எல்லாவற்றையும் சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டேதான்.

உட்பக்கத்தில் ஒரு துண்டு பெரும்பாலும் இடம் மாறாது. வலுவான தசைநார்கள் அதைத் தாலஸோடு கட்டிவைத்திருக்கும். மற்ற துண்டுகளை அதோடு பொருத்தி, ஸ்க்ரூவையும் அதை நோக்கியே முடுக்குவார்கள்.

கம்பியால் நெம்புவது புதிய யோசனை அல்ல. 1952-லேயே பிரிட்டனின் சர்ஜன் எஸெக்ஸ்-லொப்ரெஸ்டி பெயரில் அது வெளியாகிவிட்டது. துண்டுகள் எப்படிக் கிடக்கின்றன என்று காட்டும் சிடி ஸ்கேன்தான் பிறகு வந்தது.

இந்தச் சின்னக் கீறல் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாள் கடத்தக் கூடாது. இரண்டு வாரம் தாண்டினால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும், சின்னத் துளை வழியே அசைக்க வராது. தூளாக நொறுங்கியதற்கும் இது எப்போதும் உதவாது.

ஆபரேஷன் முடிந்தும் பல வாரம் கால் ஊன்றக் கூடாது. பிறகு சமதளத்தில் நடை வந்துவிடும். பலருக்கும் மணலிலும் மேடுபள்ளத்திலும்தான் கால் தடுமாறும். பாதத்தை இருபுறமும் சாய்க்கும் மூட்டு அடிபட்ட இடத்திலேயே இருக்கிறதே!