பழைய கார் வாங்கினீர்களா? ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள்

பணத்தைக் கொடுத்து, பூர்த்தி செய்யாத படிவங்களில் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி, சாவியோடு கிளம்பிவிடுவது சேலத்தில் பலருக்கும் வழக்கம். ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்றுவதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இதில் முதலில் மாட்டுபவர் விற்றவர்தான். அந்தக் கார் ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் யார் மீதாவது மோதினால், நஷ்டஈட்டு வழக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைத்தான் தேடி வரும். பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு இருவருக்கும் கெடு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் விற்றால், விற்பவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் படிவம் 29-இல் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாளுக்குள் படிவம் 30-இல் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தையும் அங்கேயே கட்டலாம். சேலம் மேற்கின் டிஎன் 30 காரைக் கிழக்குப் பகுதியில் இருப்பவர் வாங்கினாலும் பதிவெண் மாறாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு (கார் மீது கடன் இருப்பதற்கான குறிப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். கடன் அடைந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்த நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ஐக் கேளுங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியிலேயே பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். நிலுவை அபராதம் இருந்தால் விற்பவரையே கட்டச் சொல்லுங்கள்.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் கர்நாடகப் பதிவுக் கார்கள் சேலத்துக்கு நிறைய வருகின்றன. விலை குறைவு என்று மயங்க வேண்டாம். அங்கிருந்து படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று வர வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும், புதிய தமிழ்நாட்டுப் பதிவெண்ணும் பெற வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மூன்றாம் நபருக்கான, அதாவது விபத்தில் பாதிக்கப்படும் பிறருக்கான பாதுகாப்பு வண்டியோடு தானாக வந்துவிடும். உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. இழப்பீடு கோராமல் இருந்ததற்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் விற்றவருக்கே உரியது.

உரிமையாளர் இறந்துபோயிருந்தால் நேரடியாக வாங்காதீர்கள். வாரிசு முதலில் படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குச் சட்டம் தரும் அவகாசம் மூன்று மாதம். அந்த ஆர்.சி. கைக்கு வந்த பிறகு வாரிசிடமிருந்து வாங்குங்கள்.