கச்சான் அரைக்கும் கடைவாய்ப்பல்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தையொட்டி மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயச் சூழலில் கச்சான் கடைகள் விரியும் நாட்களில், கச்சான் உடைத்துத் தின்னும் பிள்ளைகளின் கன்னங்களைக் கவனித்திருக்கிறேன். சிலர் இரு பக்கமும் மாற்றி மாற்றி அரைக்கிறார்கள். சிலரோ பருப்பை நாக்கால் ஒரே பக்கம் ஒதுக்கி, நாலைந்து கடியில் அரைகுறையாக விழுங்கிவிடுகிறார்கள். மெல்லும் திறனை அளக்க ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டதும் கச்சானைத்தான். 1950இல் வெளியான ஒரு முறையின்படி, கச்சானைக் குறித்த தடவை மெல்லவைத்து, விழுங்காமல் துப்பச் சொல்லி, அதை அரிதட்டில் அலசி, எவ்வளவு கீழே இறங்கியது என்று கணக்கிட்டார்கள்.

இத்திறன் பற்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. மேல், கீழ்க் கடைவாய்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பரப்பும், தாடைத் தசையின் வலுவும், உணவைத் திரும்பத் திரும்பப் பல்லுக்கு இடையே தள்ளிக்கொடுக்கும் நாக்கின் சாமர்த்தியமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே பிள்ளை வளர வளர இது கூடுகிறது. பாற்கடைவாய்ப்பற்கள் விழும் காலத்தில் சற்றுத் தளர்வதும் உண்டு.

இதில் முதன்மையானது ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கும் முதலாவது நிலையான கடைவாய்ப்பல். 20 பாற்பற்களில் எதையும் விழுத்தாமல், அவற்றுக்குப் பின்னால் அது ஓசையின்றி எழுவதால், சூத்தை தெரிந்தாலும் “பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பல் விழுந்தால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான பிளவுகளில் பாணும் பிஸ்கட்டும் ஒட்டிக்கொள்ள, பற்றீரியாக்கள் அவற்றை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கியதும், பல்லின் கடினமான வெளிப்படையான மிளிரியிலுள்ள கனியுப்புகள் கரையத் தொடங்குகின்றன; உமிழ்நீர் அதைச் சீராக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். நாள் முழுக்கக் கொறிக்கும் பிள்ளைக்கு அந்த இடைவெளியே கிடைப்பதில்லை. இனிப்பின் அளவைவிட, எத்தனை தடவை தின்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

நோகும் பக்கத்தைத் தவிர்க்கும் பிள்ளை அவித்த சோளனையும் இறைச்சியையும் ஒதுக்கிவிட்டுப் பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்னும். சாப்பாட்டில் அடம் என்று ஏச்சும் வாங்கும். பாற்பல்லைக் காலத்துக்கு முன்பே பிடுங்க நேர்ந்தாலும் விளைவு உண்டு: பின்னாலுள்ள கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சரிந்து, அடுத்து வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

புதிதாக முளைக்கும் கடைவாய்ப்பல் பக்கத்துப் பல்லின் மட்டத்தை எட்ட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை நீளவாக்கில் தேய்க்கும் தூரிகை அதைத் தொடாமலே கடந்துபோகும். ஆகவே புளோரைட்டுப் பற்பசையிட்டு, தூரிகையைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக நுழைத்து, அந்தப் பல்லைப் பெரியவர் ஒருவர் தனியாகத் தேய்த்துவிட வேண்டும். பிளவுகள் ஆழமாயிருந்தால், சூத்தை விழுமுன் பல் வைத்தியர் அவற்றை மெல்லிய பிசின் பூச்சால் அடைத்துவிடுவார். கண்டுபிடிப்பது எளிது: முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிச் சென்றால், ஆறாவதாக நிற்பது அதுதான்.