ரோல்: செரோக்கி முன்னோரைத் தேடுவோருக்கு ஒரு சொல் விளக்கம்

பள்ளி ‘ரோல் நம்பரில்’ வரும் அதே ரோல்தான். லத்தீனில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம். ‘ரோட்டுலுஸ்’ சிறு சக்கரம். பிறகு சுருட்டி வைத்த ஏடு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த இச்சொல், பெயர்களைச் சுருளேட்டில் எழுதிய வழக்கத்தால் பெயர்ப் பதிவுக்கும் ஆகிவந்தது.

அமெரிக்காவில் செரோக்கி வம்சாவளி தேடுவோரிடம் ரோல் என்றால், செரோக்கி என்ற பழங்குடி மக்களின் பெயர்களை அந்நாட்டு அரசு எழுதிவைத்த பதிவு. ஹெண்டர்சன் ரோல் 1835இல், அம்மக்கள் தென்கிழக்கு மண்ணிலிருந்து விரட்டப்படும் முன் எடுக்கப்பட்டது. பேக்கர் ரோல் வட கரோலினாவிலேயே தங்கிவிட்ட கிழக்குச் செரோக்கியருக்கு. விரட்டப்பட்டவர்கள் குடியேறிய ஓக்லஹோமாப் பக்கம் தேடினால் டாஸ் ரோல்தான் எல்லாம்.

1893இல் ஹென்றி டாஸ் தலைமையில் அமைந்த ஆணையம், பொதுவில் இருந்த பழங்குடி நிலத்தைக் கூறுபோட்டு ஆளுக்கொரு பங்கு தருவதற்காக இந்தப் பதிவை எடுத்தது. நிலத்தைக் கரைக்கப் பிறந்த ஏடு இன்று குடியுரிமைக்குச் சான்றாக நிற்கிறது. ஓக்லஹோமாவிலுள்ள செரோக்கியரின் தன்னாட்சி அமைப்பான செரோக்கி நேஷனில் சேர, இதில் பெயருள்ள நேரடி முன்னோர் ஒருவரைக் காட்டியாக வேண்டும். டி.என்.ஏ. சோதனை அங்கே செல்லாது. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ரோல் எண் ஆளுக்கு, குடும்ப விவரம் எழுதிய அட்டையின் எண் குடும்பத்துக்கு. பெற்றோர் பெயர் கிடைப்பது அட்டையில்தான்.

செரோக்கியரிடம் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களையும் அவர்கள் வழியினரையும் ‘விடுதலை பெற்றோர்’ என்று தனியாக எழுதினார்கள். செரோக்கித் தாயோ தந்தையோ இருந்தாலும் அவர்களுக்கு ரத்த அளவு, அதாவது செரோக்கி வம்சம் எத்தனை பங்கு என்பது, குறிக்கப்படவில்லை. இந்த அநீதி நூறாண்டுக்கு மேல் நீண்டது. குடியுரிமையில் இவர்களை ஒதுக்கப் பயன்பட்ட ‘ரத்த வழியில்’ என்ற சொற்களைச் செரோக்கி நேஷனின் உச்ச நீதிமன்றம் அதன் அரசமைப்பிலிருந்து நீக்கியது 2021இல்தான்.

தமிழில் ‘பட்டியல்’ என்பது போதாது, மளிகைக்கும் பட்டியல்தான். ‘பெயர்ப் பதிவேடு’ சரி, ஆனால் பொது. ‘குடிப்பதிவேடு’ என்பதே என் பரிந்துரை. குடி என்பது குலமும் ஆகும், ஒரு நாட்டின் மக்களும் ஆகும். இந்த ஏட்டுக்கு இரண்டும் வேண்டும்.

டாஸ் குடிப்பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் செரோக்கி முன்னோரே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நிலத்தைப் பிரிப்பதை எதிர்த்து, ரெட்பேர்ட் ஸ்மித் தலைமையில் திரண்ட, மரபைக் காக்க நின்ற செரோக்கியரான கீட்டூவா மக்கள் பெயர் கொடுக்கவே மறுத்தார்கள்.