டி செல்லுக்கு ஓர் ஒட்டு

உடம்பில் எதிர்ப்பு அணுக்கள் இருந்தும் புற்றுநோய் எப்படி வளர்கிறது, அப்புறம் அதே அணுக்களை வைத்தே கார்-டி என்ற சிகிச்சையில் எப்படிக் குணப்படுத்துகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி செல்லுக்குக் கொல்லத் தெரியும். ஆனால் எதிரே இருக்கும் செல் தன் உள்ளிருக்கும் புரதத் துணுக்கை மேலே ஏந்திக் காட்டினால்தான் அதற்கு அடையாளம் தெரியும். பல புற்றுசெல்கள் காட்டுவதையே நிறுத்திவிடுகின்றன. உடலின் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடிக்கு இந்தத் தொல்லை இல்லை. செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருப்பதை நேரே போய்ப் பற்றிக்கொள்ளும். பற்றுவதோடு சரி, கொல்ல வேறு ஆள் வர வேண்டும்.

1980களின் இறுதியில் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் செலிக் எஷார் இரண்டையும் ஒட்டுமாங்கன்றுபோல் சேர்த்தார். வெளியே ஆன்டிபாடியின் நுனி, உள்ளே டி செல்லைக் கிளப்பிவிடும் வால். இதுதான் கார்-டி சிகிச்சையின் 'கார்' ஏற்பி, அதாவது டி செல்லின் மேல் நின்று எதிரியைப் பற்றும் புரதம்.

முதல் வடிவம் எடுபடவில்லை. செல்கள் சீக்கிரமே சோர்ந்து மறைந்தன. காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். எதிரியைத் தொட்டது மட்டும் போதாது, ‘ஆபத்துதான்’ என்று உறுதிசெய்யும் இரண்டாவது சமிக்ஞையும் வந்தால்தான் டி செல் முழுமூச்சாகப் பெருகும், வராவிட்டால் அடங்கிவிடும். சொந்த உறுப்புகளையே தாக்கிவிடாமலிருக்க உடல் வைத்திருக்கும் பூட்டு இது. புற்றுசெல் அந்த இரண்டாவதை எங்கே தரப்போகிறது? சரி, அதையும் வாலிலேயே வைத்துவிடலாம் என்று சிடி28 அல்லது 4-1பிபி புரதத்தின் துண்டைச் செருகினார்கள். இப்போது ஒரே தொடுகையில் இரண்டு சமிக்ஞைகளும் கிடைத்தன. 2010இல் செலுத்தப்பட்ட செல்கள் இரு நோயாளிகளின் உடலில் பத்தாண்டுக்குப் பிறகும் இருந்தன.

மற்றது செய்முறை: நோயாளியின் டி செல்களைப் பிரித்து, தீங்கு நீக்கிய வைரஸ் மூலம் அந்த ஏற்பிக்கான மரபணுவை ஏற்றி, பெருக்கித் திரும்பச் செலுத்துவார்கள்.

2012இல் பிலடெல்பியாவில் இரத்தப் புற்றுநோய்க்கு இதைப் பெற்ற சிறுமிக்குக் காய்ச்சல் எகிறி உயிருக்கே ஆபத்தானது. இரத்தத்தில் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடும் ஐஎல்-6 என்ற புரதம் ஏகத்துக்கும் கூடியிருந்தது. மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாப் கொடுத்த பிறகுதான் மீண்டாள். எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் புற்றுநோய் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் கஷாயம் விற்பவர்கள் கவனிக்க: அவளைக் கொல்லப் பார்த்தது அந்தக் கூடுதல்தான். அவள் நோயில் கட்டுமீறிப் பெருகிய பி செல்களும் எதிர்ப்பு அணுக்களே.

அமெரிக்காவில் 2017இல் இது 4,75,000 டாலர் விலையில் வந்தது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்19க்கு 2023இல் அனுமதி கிடைத்தது. விலை சுமார் பத்தில் ஒரு பங்கு. அதுவும் சாமானியருக்கு எட்டாத தொகைதான், அரசு காப்பீடு கைகொடுக்க வேண்டிய இடம் என்பேன்.

கட்டிகளாக வளரும் புற்றுநோய்களில் இன்னும் பெரிய வெற்றி இல்லை. இரத்தப் புற்றில் குறிவைக்கும் சிடி19 என்ற மேற்பரப்புப் புரதம் நல்ல பி செல்களிலும் உண்டு, அவையும் அழியும். அவை தரும் ஆன்டிபாடிகளுக்குப் பதிலாக இம்யூனோகுளோபுலின் ஏற்றிச் சமாளிக்கலாம். ஆனால் நுரையீரல் கட்டியைக் குறிவைக்கும்போது நல்ல நுரையீரல் செல்களை அப்படி இழக்க முடியாது.