‘குற்றங்கள் குறைந்தன’ என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் வாரத்திலோ சென்னைப் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். கொலை இத்தனை, வழிப்பறி இத்தனை, செயின் பறிப்பு போன ஆண்டைவிட இத்தனை சதவீதம் குறைவு, குண்டர் சட்டத்தில் இத்தனை பேர் என்று ஒரு கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் குற்ற வழக்குகள் நடத்துகிறவன் என்பதால் அந்த வாரம் முழுக்க எனக்கு வாட்ஸ்அப்பில் வருவது ஒரே கேள்விதான்: “சார், நிஜமாவே குறைஞ்சிருக்கா?”

கொலைக் கணக்கை நம்பலாம். மற்ற எண்களை, அவை எப்படிப் பிறந்தன என்று பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

கொலையை மட்டும் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிணம் இருக்கிறது, பிரேதப் பரிசோதனை இருக்கிறது, உறவினர்கள் சாலை மறியலுக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைப் பதிவு செய்யாமல் விட முடியாது. வாகனத் திருட்டுக் கணக்கும் ஓரளவு உண்மைக்கு அருகில் இருக்கும், ஏனென்றால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது. பைக்கைப் பறிகொடுத்தவர் விடாமல் அலைந்து வாங்கிவிடுவார்.

மற்றவை அப்படியல்ல. 2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 2019-இல் 1,68,116 ஆக இருந்த இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் 2020-இல் 8,91,700 ஆகிவிட்டன. ஐந்து மடங்குக்கும் மேல். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டில் இவ்வளவு குற்றமா? ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள் மீது 188-ஆவது பிரிவில் போட்ட வழக்குகள்தான் அதில் பெரும்பகுதி. பால் வாங்கப் போனவரும் அந்தக் கணக்கில் ஒரு குற்றவாளி. அந்த 2020-ஐ அடிப்படையாக வைத்து ‘2021-இல் குற்றம் சரிந்தது’ என்று யாராவது வரைபடம் போட்டால் அதற்கு என்ன மதிப்பு?

2022 ஜனவரியில் ஆவடியும் தாம்பரமும் தனித்தனி காவல் ஆணையரகங்களாயின. அதுவரை சென்னைக் கணக்கில் இருந்த பல காவல் நிலையங்கள் ஒரே நாளில் வேறு கணக்குக்குப் போயின. எல்லை சுருங்கினால் எண்ணும் சுருங்கும். 2021-க்கும் 2022-க்கும் ‘சென்னை’ என்ற பெயர் ஒன்றுதான், இடம் ஒன்றல்ல.

அடுத்து 2024 ஜூலை 1. பழைய தண்டனைச் சட்டத்துக்கும் நடைமுறைச் சட்டத்துக்கும் பதிலாகப் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த நாள். அதற்கு முன் செயின் பறிப்பு சில நிலையங்களில் 392-ஆவது பிரிவில் வழிப்பறியாகும், சில நிலையங்களில் 379-இல் வெறும் திருட்டாகும். எழுதுகிற ரைட்டரின் கையைப் பொறுத்தது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆவது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கிவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய தலைப்பில் எண் இறங்கும், புதிய தலைப்பில் ஏறும், தெருவில் எதுவும் மாறியிருக்காது. இன்னொரு மாற்றத்தை வழக்கறிஞர்களிலேயே பலர் கவனிக்கவில்லை: 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் திருட்டு இப்போது நீதித்துறை நடுவர் உத்தரவின்றி போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத குற்றம். பஸ்ஸில் 3,000 ரூபாயோடு பர்ஸ் போனால் நேரடியாக எஃப்.ஐ.ஆர். கிடையாது. இனி வரும் ஆண்டுகளில் திருட்டுக் கணக்கு குறைந்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் மேலே நடப்பது. கீழே, ஸ்டேஷன் மேசையில் நடப்பதுதான் நம் கைக்கு எட்டுவது.

என்னிடம் வந்த ஓர் இளைஞரின் புகாரைச் சொல்கிறேன். உணவு டெலிவரி வேலை. இரவு பத்தரை மணி, வட சென்னையில் ஒரு மேம்பாலத்தின் கீழ் வண்டியை நிறுத்தி மேப் பார்த்துக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த இருவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் முதலில் எழுதிய புகாரில் ‘அடையாளம் தெரியாத இரண்டு நபர்கள் பறித்துச் சென்றுவிட்டனர்’ என்று இருக்கிறது. நிலையத்தில் சொல்லி மாற்றி எழுதிய இரண்டாவது புகாரில் ‘வண்டியில் செல்லும்போது எனது செல்போன் தவறிவிட்டது, கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று இருக்கிறது. அதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. “எஃப்.ஐ.ஆர். போட்டா கோர்ட்டுக்கு அலையணும் தம்பி. போன் கிடைச்சா நாங்களே கூப்பிடுறோம்.” மிரட்டல் இல்லை, அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். தம்பிக்கும் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சி.எஸ்.ஆர். என்பது சமூகப் பணிப் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். அது வழக்கல்ல, புலனாய்வு தொடங்காது, ஆண்டுக் கணக்கிலும் ஏறாது. அந்த மேம்பாலத்தின் கீழ் அன்று இரவு எந்தக் குற்றமும் நடக்கவில்லை என்றே பதிவேடு சொல்லும். இதில் இழப்பு அந்தத் தம்பிக்கு மட்டும் என்று நினைத்தால் அங்கேதான் கணக்கு தப்புகிறது. எந்த இடத்தில் இரவு ரோந்து நிற்க வேண்டும், எங்கே வாகனத் தணிக்கை போட வேண்டும், எந்தத் தெருவில் கேமரா வேண்டும் என்று அதிகாரிகள் க்ரைம் மீட்டிங்கில் முடிவு செய்வது பதிவான வழக்குகளை வைத்துத்தான். பதிவாகாத இடத்துக்கு ரோந்து வராது. அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொருவர் போனைப் பறிகொடுப்பார், அவரும் சி.எஸ்.ஆரோடு வீட்டுக்குப் போவார்.

ஸ்டேஷன் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். பதிவானால் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் மாதா மாதம் மேலதிகாரி கேட்பார். ஆள் பற்றாக்குறை, பந்தோபஸ்து, நீதிமன்றப் பணி எல்லாவற்றுக்கும் நடுவில் இது. எண்ணிக்கை கூடினால் இன்ஸ்பெக்டரைக் குறை சொல்லும் பழக்கம் இருக்கிறவரை புகாரின் வாசகம் மாறிக்கொண்டுதான் இருக்கும். கூடுதலாகப் பதிவு செய்த நிலையத்தைப் பாராட்டிய ஆணையர் யாராவது இருந்தால் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆவது பிரிவின்படி எல்லை எதுவானாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம், மின்னஞ்சல் வழியாகவும் தரலாம் (மூன்று நாட்களுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும்). எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் நடுவர் நீதிமன்றம். நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பறித்தார்கள் என்றால் ‘பறித்தார்கள்’ என்றே எழுதுங்கள். நேரம், இடம், வண்டியின் நிறம், போனின் ஐ.எம்.இ.ஐ. எண் நான்கும் இருக்கட்டும். அந்த எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் முடக்கவும் புகார் நகல் தேவைப்படும்.

தடுப்பு முயற்சிகளில் சென்னையில் கண்ணுக்குத் தெரிந்து பலன் தந்தது கேமராதான். 2017-க்குப் பிறகு ‘மூன்றாவது கண்’ என்று 50 மீட்டருக்கு ஒரு கேமரா வைக்கும் இலக்கோடு தொடங்கிய திட்டம் அது. 2025 மார்ச்சில் தென் சென்னையில் ஒரே காலையில் அடுத்தடுத்து செயின் பறித்தவர்கள் அன்றே விமான நிலையத்தில் பிடிபட்டதற்கும் கேமரா பதிவுகளே துணை. அவர்களில் ஒருவர் மறுநாள் அதிகாலை போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கேமராவால் பிடித்தவரைக் கேமராப் பதிவை வைத்தே நீதிமன்றத்தில் தண்டித்திருக்கலாம் என்பது என் எண்ணம். அதை விரிவாகப் பேச இந்தக் கட்டுரையில் இடமில்லை.

கேமராவில் சிக்கல் பராமரிப்பு. பெரும்பாலானவை குடியிருப்போர் சங்கமும் கடைக்காரர்களும் போட்டவை. மழையில் வயர் போனால் சரி செய்ய யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. கேமரா காட்சிகளைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியில் பதிவு இரண்டு வாரமோ ஒரு மாதமோதான் நிற்கும், பிறகு அதன்மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். உங்கள் தெருவில் ஏதாவது நடந்தால் அன்றே பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். நீதிமன்றத்தில் அது செல்ல வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது புலனாய்வு அதிகாரியின் வேலை, நினைவுபடுத்துவது உங்கள் வேலை.

குண்டர் சட்ட எண்ணிக்கையைச் சாதனைப் பட்டியலில் போடுவது எனக்கு ஒப்புவதில்லை. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அது, விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஆண்டறிக்கையில் போட்ட உத்தரவுகள் வரும். ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தவை வராது. படிக்க முடியாத நகல் கொடுத்தார்கள், முறையீட்டைத் தாமதமாகப் பரிசீலித்தார்கள் என்ற காரணங்களிலேயே எத்தனையோ உத்தரவுகள் விழுகின்றன. இதற்கு மாறாக, 2022 செப்டம்பரில் 100 பள்ளிகளில் தொடங்கிய, மாணவர்களோடு போலீஸார் பழகும் ‘சிற்பி’ திட்டம் போன்ற வேலையின் பலன் எந்த ஆண்டுக் கணக்கிலும் தெரியாது. சிறார் நீதிக் குழுமத்தின் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வயதில் ஒரு போலீஸ்காரர் நல்ல விதமாகப் பழகுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

தெருவில் குறைந்தது போனுக்குள் போயிருக்கிறது என்பதையும் பத்திரிகை போடும் அந்த ஆண்டுக் கணக்குக் கட்டத்தில் தேடிப் பாருங்கள். 2024-இல் இணைய மோசடிகளில் நாட்டு மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய ஆண்டில் 7,465 கோடி. இத்தனை கோடிக்கும் எஃப்.ஐ.ஆர். கிடையாது. இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்குச் சொல்லும் புகார் ஒரு ஒப்புகை எண்ணோடு நின்றுவிடுகிறது, வழக்காவது அதில் சிறு பங்குதான். ஆனாலும் முதல் வேலை 1930-க்கு அழைப்பதுதான், ஸ்டேஷனுக்கு ஓடுவது பிறகு. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மிஞ்சும். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீடியோ காலில் ‘கைது’ செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை, அப்படிச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

முடக்கிய பணம் தானாக வீடு வந்து சேராது. பெரும்பாலும் பி.என்.எஸ்.எஸ். 503-இன் கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கு விவரம், 1930 ஒப்புகை எண், எந்தக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்ற போலீஸ் அறிக்கை இவை மூன்றும் முக்கியம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் அந்தந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.