சிப்பாயிலிருந்து தொடங்கும் சதுரங்கம்

சதுரங்கப் பலகையை முதன்முறை காணும் குழந்தையின் முன் 32 காய்களையும் அடுக்கி, ஒவ்வொன்றும் எப்படி நகரும் என்பதை ஒரே அமர்வில் சொல்லி முடிப்பதே பரவலான வழக்கம். மூளை புதியனவற்றை ஏற்கும் விதத்துக்கு இது முற்றிலும் முரணானது. ஒரு நேரத்தில் மனத்தில் ஏந்திக் கையாள உதவும் செயல்நினைவு, பெரியவர்களுக்கே ஏறத்தாழ நான்கு செய்திகளைத்தான் தாங்கும். குழந்தைகளுக்கு அதனினும் குறைவு. ஆறு வகைக் காய்களின் நகர்வுகளை நினைவில் பிடித்துக்கொள்வதிலேயே அது தீர்ந்துவிட்டால், எதிராளி அடுத்து என்ன செய்வார் என்று எண்ண இடமே இருக்காது.

தேர்ந்த ஆட்டக்காரருக்கு மட்டும் இந்தக் கொள்ளளவு பெரிதாக இருந்துவிடுவதில்லை. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்தின் நிலையை 5 நொடிகள் மட்டும் கண்ட மாஸ்டர், பெரும்பாலான காய்களைச் சரியான கட்டங்களில் திரும்ப வைத்தார். அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது அவருடைய மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. பழகிய அமைப்புகளை அவர் கொத்துக் கொத்தாகக் கண்டதே முன்னதற்குக் காரணம். 1978இல் மிஷலின் சீ வெளியிட்ட ஆய்வு இன்னும் ஊக்கமளிக்கிறது: சதுரங்கம் அறிந்த சிறுவர்கள் காய்நிலைகளை நினைவுகூர்வதில் பெரியவர்களை விஞ்சினார்கள்; எண்வரிசைகளை நினைவுகூர்வதிலோ பெரியவர்களே முந்தினார்கள். ஆகவே, தொடக்கப் பயிற்சி என்பது இத்தகைய கொத்துகளை ஒவ்வொன்றாக மனத்தில் கட்டும் வேலை.

அதற்குச் சிப்பாய்களே மிகப் பொருத்தமானவை என்பது என் உறுதியான கருத்து. இருபுறமும் எட்டுச் சிப்பாய்கள் மட்டும் நிற்க, எதிர் விளிம்பை முதலில் தொடுபவரே வென்றவர் என்று ஆடலாம். நேராக நகர்ந்து மூலைவாட்டில் வெட்டும் விந்தையை மட்டும் பழகினால் போதும். ஒரு சிப்பாய் மற்றொன்றுக்குக் காவலாவதையும், வழிமறிக்கப்பட்டது அசையாமல் நிற்பதையும், யார் முந்துவார் என்று கட்டங்களை எண்ணிப் பார்ப்பதையும் குழந்தை தானே கண்டுபிடித்துவிடும்.

சிப்பாய்களுக்குப் பின் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் காய்களில் யானை, பிஷப், ராணி ஆகியவற்றின் நகர்வு எளிதில் புரிந்துவிடும். குதிரைக்குக் கூடுதல் நேரம் தேவை. காலியான பலகையின் மூலையில் நிற்கும் குதிரைக்கு 2 கட்டங்களே திறந்திருக்கும், நடுவில் நின்றால் 8. இதைக் குழந்தையே விரல் வைத்து எண்ணட்டும். நடுக்கட்டங்களைப் பிடிக்க வேண்டும் என்று பின்னாளில் சொல்லப்போகும் அறிவுரைக்கு அப்போதே காரணம் கிடைத்துவிடுகிறது.

செக்மேட்டைக் கற்பிக்க, தனித்த ராஜாவுக்கு எதிராக இரண்டு யானைகள் போதும்: ஒன்று வரிசையை அடைக்க, மற்றது செக் வைக்க, ராஜா படிப்படியாக விளிம்புக்குத் தள்ளப்படுவது ஒரே அமைப்பாக மனத்தில் பதியும். நான்கே நகர்வுகளில் முடியும் செக்மேட்டை இப்போது சொல்லித்தரக் கூடாது. கவனக்குறைவான எதிராளியிடம் மட்டுமே பலிக்கும் அது, ராணியை முன்கூட்டியே வெளியே கொண்டுவரும் பழக்கத்தை ஆழப் பதித்துவிடும்.

அடுத்த காயைச் சேர்க்கும் நாளை முன்கூட்டியே குறிக்க வேண்டியதில்லை. தன் காயைத் தொடும் முன் குழந்தையின் பார்வை எதிராளியின் காய்கள் பக்கம் போகத் தொடங்கினால், நகர்வு விதி தன்னியல்பாகிச் செயல்நினைவில் இடம் பிறந்துவிட்டது என்று பொருள். புதிய காயை அன்றே பலகையில் வைக்கலாம்.