கவுண்ட் சரி, தலை சரியா?

மார்த்தாண்டமோ நாகர்கோவிலோ, லேபிலிருந்து விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லார் கண்ணும் போவது ‘கவுண்ட்’, அதாவது விந்தணு எண்ணிக்கை, என்ற வரிக்குத்தான். மில்லிக்கு 1.6 கோடிக்கு மேல் இருந்துவிட்டால் பையனிடம் குறையில்லை என்று முடிவுகட்டி, மருமகளை ஸ்கேன் ஸ்கேனாக அலையவிடுவார்கள். அதே தாளில் கீழே விந்தணுவின் வடிவத்தைச் சொல்லும் ‘மார்ஃபாலஜி’ என்றொரு வரி உண்டு. சரியான வடிவம் 4 சதவீதம் இருந்தாலே போதும். 0 என்று வந்து, ‘ரவுண்ட் ஹெட்’ (உருண்டைத் தலை) என்ற குறிப்பும் இருந்தால் அங்கேதான் நிற்க வேண்டும்.

விந்தணுவின் தலை நீள்வட்டமாக இருக்கும். முன்பக்கம் அக்ரோசோம் என்ற என்சைம் பை தொப்பிபோல் கவிழ்ந்திருக்கும். சினைமுட்டையின் உறையைத் துளைக்க அது வேண்டும். விரைக்குள் விந்தணு உருவாகும்போது இந்தப் பையை உட்கருவோடு பிடித்துவைப்பது, விரையில் மிகுதியாக உள்ள டிபிஒய்19எல்2 என்ற புரதம். அது இல்லையென்றால் பை கழன்றுபோகும். தலையும் நீளாமல் உருண்டையாகவே நின்றுவிடும். தாம்பத்தியத்தில் குறையிராது, ஹார்மோன் டெஸ்டும் சரியாகவே வரும்.

மிக அரிதான குறை இது. பெரும்பாலும் 12ஆம் குரோமோசோமில் அந்தப் புரதத்துக்கான மரபணுவே விடுபட்டிருக்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும் என்பதால், சொந்தத்தில் திருமணம் முடித்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். லேகியமோ ஜிங்க் மாத்திரையோ இல்லாத மரபணுவைக் கொண்டுவராது.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. கடும் காய்ச்சலும், ஆழ்கடல் விசைப்படகின் என்ஜின் ரூம் வெக்கையும் வடிவத்தைக் கெடுக்கலாம். ஆனால் அப்போது பலவிதக் குறைகள் கலந்து தெரியும். மரபணுக் குறையில் எத்தனை முறை பார்த்தாலும் ஏறக்குறைய எல்லாமே உருண்டைத் தலைதான். ஒரு விந்தணு விரையில் உருவாக மட்டும் சுமார் 74 நாள் ஆகும். அதனால் காய்ச்சலுக்குப் பின் மூன்று மாதம் கழித்தே மறுபடி பார்க்க வேண்டும். கல்ஃபிலிருந்து ஒரு மாத லீவில் வந்து, மருந்து தின்று, அதே லீவிலேயே பலன் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பரிசோதனைக்கு முன் விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விடுங்கள். சாம்பிளை லேபிலேயே எடுப்பது நல்லது. வீட்டில் எடுத்து பஸ்ஸில் கொண்டுவந்தால், லேபில் சேர்க்க வேண்டிய ஒரு மணி நேரம் தாண்டிவிடும். முதல் துளி சிந்தினாலும் சொல்லிவிடுங்கள். ஸ்டெயின் (சாயம்) போட்டுப் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அது இல்லாமல் எழுதிய மார்ஃபாலஜி வெறும் கண்திட்டம்.

எல்லாமே உருண்டைத் தலை என்று உறுதியானால், விந்தணுவைக் கருப்பைக்குள் விடும் ஐயுஐ வீண்செலவு. இக்ஸி முறையில் விந்தணுவை முட்டைக்குள் நேராகச் செலுத்தலாம். ஆனால் முட்டையைத் தூண்டும் புரதமும் இந்த விந்தணுக்களில் பெரும்பாலும் குறைவு. கால்சியம் அயனோஃபோர் என்ற ரசாயனம் கொண்டு முட்டையைத் தூண்டும் வசதி அந்த மருத்துவமனையில் உண்டா என்று பணம் கட்டுமுன் விசாரியுங்கள். மனைவி ரத்த சொந்தம் என்றால் அவருக்கும் மரபணுச் சோதனை தேவை. அவரிடமும் ஒரு பழுதான பிரதி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இதே குறை வர 50 சதவீத வாய்ப்புண்டு.